காகிதக் கல் உதிர்கிறதா, இறுகவில்லையா, பூசணம் பூக்கிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பழைய நாளிதழை ஊறவைத்துக் கூழாக்கி, சிமெண்டும் மணலும் கலந்து அச்சில் வார்க்கும் கல்லைப் பேப்பர்கிரீட் என்கிறார்கள். வீட்டிலேயே செய்யலாம். தூக்கினால் கனக்காது, ரம்பத்தால் அறுக்கலாம், ஆணி தானாக இறங்கும். தோட்டத்துக் கொட்டகை, தடுப்புச் சுவர், மொட்டைமாடி அறைக்கு வெயில் தடுப்பு என்று பாரம் தாங்க வேண்டியிராத இடங்களுக்கு நல்ல பொருள். ஆனால் வார்த்த பிறகு வரும் மூன்று நான்கு வாரங்களில்தான் பெரும்பாலான கற்கள் கெட்டுப்போகின்றன.

அந்த வாரங்களில் கல்லுக்குள் இரண்டு வேலைகள் நடந்தாக வேண்டும். சிமெண்ட் இறுக ஈரம் வேண்டும். காகிதம் கெடாமல் இருக்க ஈரம் வெளியேற வேண்டும். முதலாவதை க்யூரிங், நீராற்றல் என்கிறோம், இரண்டாவது உலர்த்தல். இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால் கல் உதிரும். முதலாவதை இழுத்துக்கொண்டே போனால் பூசணம் பிடிக்கும். கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால் வருபவை.

கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விடுவது போல இதற்கும் குழாயைப் பிடித்து விடுகிறார்கள். அது தேவையே இல்லை. 30×20×15 செ.மீ. கல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சிலிருந்து எடுக்கும்போது 9 முதல் 10 கிலோ இருக்கும். முழுதும் காய்ந்தால் 5 அல்லது 6 கிலோவுக்கு இறங்கும். ஆக, உள்ளே நான்கு கிலோ அளவுக்குத் தண்ணீர் இருக்கிறது. அதிலுள்ள இரண்டேகால் கிலோ சிமெண்ட் இறுக ஒரு கிலோ தண்ணீர்கூடத் தேவைப்படாது. காகித நாரே தண்ணீர்த் தொட்டி. அந்தத் தண்ணீர் மேற்பரப்பிலிருந்து ஓடிப்போகாமல் மூடிவைத்தால் போதும்.

இந்தக் கல்லை எண்பதுகளுக்குப் பிறகு அமெரிக்காவில் பரவலாக்கியவர்களாக எரிக் பேட்டர்சன், மைக் மெக்கெய்ன் இருவரையும் சொல்வார்கள். இருவரும் தனித்தனியே இதைக் கண்டடைந்தவர்கள். அங்கே இது வேரூன்றிய நியூ மெக்சிகோவும் அரிசோனாவும் வறண்ட நிலங்கள். வெயிலில் பரப்பிவிட்டால் காய்ந்துவிடும் என்ற அங்கத்திய வழக்கத்தைச் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ அப்படியே செய்தால் பலன் வேறாகத்தான் இருக்கும். நம் கடற்கரை ஊர்களில் பகல் வெயில் மேற்பரப்பைச் சுட்டுவிடும், இரவுக் காற்று ஈரத்தைத் திருப்பிக் கொடுக்கும்.

பிழை தேடும் முன், சரியான வரிசை

அளவு: காய்ந்த நாளிதழ் 10 கிலோ, சிமெண்ட் 15 கிலோ, சலித்த மணல் 10 கிலோ. மேலே சொன்ன அளவில் ஆறேழு கல் வரலாம். அளப்பது எடையில்தான். பாண்டு கணக்கில் அளந்தால் கூழின் ஈரத்துக்கு ஏற்ப விகிதம் ஓடிவிடும்.

வார்த்த அன்று அச்சோடு சாக்கு விரித்த மணல் தரையில் வைத்து நீர் வடிய விடுங்கள். மறுநாள் காலை கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழாத பதம் வந்ததும் அச்சைக் கழற்றலாம். கழற்றிய கையோடு கற்களை நெருக்கி அடுக்கி, பாலிதீன் தாளால் நான்கு பக்கமும் தரைவரை மூடி, ஓரத்தில் கல் வையுங்கள். எதுவும் கலக்காத சாதாரண போர்ட்லாண்ட் வகையான ஓ.பி.சி. சிமெண்ட் என்றால் 7 நாள். கடையில் இப்போது அதிகம் கிடைக்கும் சாம்பல் கலந்த பி.பி.சி. என்றால் 10 நாள். அதன்பின் தாளை எடுத்துவிட்டு, கற்களை விளிம்பில் நிறுத்தி, கல்லுக்குக் கல் நான்கு விரல் இடைவெளியில், நிழலும் காற்றும் உள்ள இடத்தில் நான்கு நாள். கடைசியில்தான் வெயில்.

கையில் இருக்க வேண்டியவை குறைவு. ஒரு தொங்கு தராசு, ஒரு ஆணி, கொஞ்சம் மஞ்சள் தூள். ஒவ்வொரு கலவையிலும் ஒரு கல்லைச் சோதனைக் கல்லாக ஒதுக்கி வையுங்கள். அதை உடைத்துப் பார்க்கத் தயங்காதீர்கள். மஞ்சள் எதற்கென்றால், ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிறதே, அதே வேதியியல்தான். உயிருள்ள சிமெண்ட் இருக்கும் இடம் கடும் காரம். உடைத்த முகத்தில் மஞ்சள் நீரைத் தடவினால் அங்கே செந்நிறம் ஏறும். சிமெண்ட் இல்லாத இடம் மஞ்சளாகவே நிற்கும். கலவையில் போராக்ஸ் என்ற வெண்காரம் சேர்த்திருந்தால் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம், போராக்ஸும் காரம்தான்.

விரல் பட்டாலே மாவாக உதிர்கிறது

வெயில் காலத்தில் அதிகம் கேட்கும் புகார் இது. முதலில் உதிர்வது எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். ஆணியால் கீறி, எந்த ஆழத்தில் ஆணி வழுக்கத் தொடங்குகிறது என்று அளந்துகொள்ளுங்கள்.

ஐந்து மி.மீ. வரை மட்டும் உதிர்ந்து, அதற்குக் கீழே கெட்டியாக இருந்தால் தோல் மட்டும் பட்டினி கிடந்திருக்கிறது. சிமெண்டைச் சுற்றியுள்ள ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அதன் இறுகல் அநேகமாக நின்றுவிடும். அச்சைக் கழற்றி மூடாமல் சித்திரை வெயிலில் ஒரு பகல் வைத்தாலே மேல்தோலுக்கு இது நடக்கும். விளிம்புகளும் மூலைகளும் முதலில் போகும், ஏனென்றால் அங்கே காற்று இரண்டு மூன்று பக்கத்திலிருந்து உறிஞ்சுகிறது.

வார்த்து ஒரு வாரத்துக்குள் கண்டுபிடித்தால் காப்பாற்றலாம். கைத்தெளிப்பானால் பனிபோல நீர் தெளித்து, ஈரச் சாக்கு போர்த்தி, அதன்மேல் பாலிதீன் மூடி, இன்னும் ஏழு நாள் வையுங்கள். இறுகாமல் நின்ற சிமெண்ட் துகள்களில் ஒரு பங்கு மீண்டும் வேலை செய்யும். பழைய வலிமை முழுதும் வராது, உதிர்வது நிற்கும். ஒரு மாதம் கடந்திருந்தால் நனைத்துப் பயனில்லை. தோலை இரும்புத் தூரிகையால் தேய்த்து எடுத்துவிட்டு, தண்ணீரில் கரைத்த சிமெண்டை மெல்லிய பால் பதத்தில் இரண்டு கை பூசி, ஒவ்வொரு கைக்கும் பிறகு ஒரு நாள் மூடி வையுங்கள்.

கல் முழுக்க, நடுவரை உதிர்ந்தால் அது வேறு நோய். சிமெண்ட் குறைவு, அல்லது பழைய சிமெண்ட், அல்லது வார்க்கும்போது சிமெண்ட் வெளியே ஓடிவிட்டது. மூட்டையைக் கிள்ளிப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு மேல் கிடந்த சிமெண்ட் விரலில் நசுங்காத கட்டிகளோடு இருந்தால் அதை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. கட்டியைச் சலித்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம் என்று நினைப்பதும் தவறு. சலித்து வந்த தூளும் காற்றின் ஈரத்தைக் குடித்துப் பாதி செத்திருக்கும். இப்படி நடுவரை உதிரும் கற்களைத் தேற்ற முடியாது. உடைத்து, அடுத்த கலவையில் மணலுக்குப் பதிலாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவிடுங்கள்.

அச்சுக்கு அடியில் சாம்பல் நிறத் தண்ணீர் ஒழுகுகிறது

ஒழுகுவது சிமெண்ட் பால். வடியும் நீர் தெளிவாக இருக்க வேண்டும், லேசாகக் கலங்கினால் பரவாயில்லை. ஆற்றுப் புதுவெள்ளம் போல வந்தால் உங்கள் பணம் ஓடுகிறது. சிமெண்ட் சேர்க்கும் முன்பே கூழைக் கொசுவலையில் கட்டித் தொங்கவிட்டு, பிழிந்தால் மட்டும் சொட்டும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு சிமெண்டைத் தூளாகத் தூவிப் பிசைந்தால் அது நாரைப் பற்றிக்கொள்ளும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஈரச் சிமெண்ட் தோலை அரித்துவிடும். அச்சின் அடியில் பழைய பருத்திச் சேலைத் துண்டு விரித்தால் வடிகட்டி போல வேலை செய்யும். அச்சில் கொட்டிய பிறகு கம்பியால் அதிகம் குத்தாதீர்கள். குத்தக் குத்த மணலும் சிமெண்டும் அடியில் இறங்கி, மேலே வெறும் கூழ் நிற்கும். சோதனைக் கல்லை நெடுக்காக உடைத்து மஞ்சள் தடவினால் இது பளிச்சென்று தெரியும்: அடி சிவப்பு, தலை மஞ்சள்.

மூன்று நாளாகியும் இறுகவில்லை

கல் ஈரமாக இருக்கும்வரை மெத்தென்றுதான் இருக்கும். பேப்பர்கிரீட்டின் இயல்பு அது. கைக்கு மெத்தென்று படுவதை வைத்து இறுகவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பால் அழுத்திக் கீறுங்கள். கீறல் மணலைக் கீறியது போல நறநறவென்று இருந்தால் சிமெண்ட் பிடித்துவிட்டது. வெண்ணெயில் கீறியது போலக் குழைந்தால் பிடிக்கவில்லை.

பிடிக்கவில்லை என்றால் உடைத்து மஞ்சள் தடவுங்கள். இங்கே அந்தச் சோதனை மிகவும் உதவும்.

சிவந்தும் குழைவாக இருந்தால் சிமெண்ட் உள்ளே இருக்கிறது, ஏதோ ஒன்று அதைத் தூங்க வைத்திருக்கிறது. பெரும்பாலும் சர்க்கரைப் பொருள் அல்லது மாவுப் பொருள். சிமெண்ட் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான சர்க்கரையே இறுகலை நாள்கணக்கில் தள்ளிப்போடும். அது எங்கிருந்து வருகிறது? அட்டைப்பெட்டியின் நெளி அடுக்குகளை ஒட்டுவது மாவுப் பசை. சுவரொட்டித் தாளின் முதுகில் மைதா பசை. நாளிதழ்த் தாளிலேயே மர நாரின் லிக்னினும் கரையும் சர்க்கரைகளும் கொஞ்சம் உண்டு. இன்னொன்று நம்மூருக்கே உரிய பிழை: பழைய சுண்ணாம்புக் காரையில் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்துச் சேர்ப்பார்கள் என்று கேள்விப்பட்டு, இதிலும் வெல்லத் தண்ணீரை ஊற்றுகிறார்கள். சுண்ணாம்புக் காரைக்கு அது மருந்து. சிமெண்டுக்கு அது தடை. தயவுசெய்து வேண்டாம்.

இப்படித் தூங்கிய கல்லை எறிய வேண்டாம். மூடியபடியே இன்னும் ஐந்தாறு நாள் விடுங்கள். தாமதமாகப் பிடிக்கும் சிமெண்ட் பல சமயம் கடைசியில் நன்றாகவே பிடித்துவிடும். அந்த நாட்களில் திறந்து வெயிலில் வைப்பதுதான் அதைக் கொல்லும். அடுத்த முறை அட்டையையும் சுவரொட்டியையும் தனியே ஊறவைத்து, அந்த நீரை இரண்டு முறை கொட்டிவிட்டுக் கழுவிய கூழையே சேருங்கள். அவசரம் என்றால் சிமெண்ட் எடையில் 2 விழுக்காடு கால்சியம் குளோரைடைத் தண்ணீரில் கரைத்துச் சேர்க்கலாம். கல்லுக்குள் கம்பியோ வலையோ போடுவதாக இருந்தால் சேர்க்கக் கூடாது, இரும்பை அது தின்றுவிடும்.

பூச்சிக்கும் தீக்கும் நல்லதென்று போராக்ஸைக் கலவையிலேயே கொட்டியவர்களுக்கும் இதே நிலைதான். போராக்ஸ் சிமெண்டின் இறுகலைத் தள்ளிப்போடும். அது தேவையென்றால் கல் இறுகிக் காய்ந்த பிறகு மேலே தெளிக்கும் மருந்தாக இருக்கட்டும்.

மஞ்சள் சிவக்காமல் அப்படியே நின்றால் அங்கே வேலை செய்யும் சிமெண்ட் இல்லை. ஓடிவிட்டது, அடியில் தங்கிவிட்டது, அல்லது புளித்த கூழின் அமிலம் அதன் காரத்தைத் தின்றுவிட்டது. காத்திருந்து பயனில்லை.

புளித்த நாற்றம்

காகிதத்தை ஒரு வாரம், பத்து நாள் ஊறப்போட்டால் காற்றில்லாத அடியில் அது புளிக்கும். இரண்டு நாள் ஊறினாலே நாளிதழ் கூழாகிவிடும்; கோடையில் ஒரு நாள் போதும். புளித்துவிட்டால் அந்த நீரை வடித்து, நல்ல நீரில் அலசி, கடைசி அலசலுக்குச் சுண்ணாம்புத் தெளிநீரைப் பயன்படுத்துங்கள். வார்த்த கல்லில் இரண்டு மூன்று வாரம் கழித்து நாற்றம் வந்தால் நடுவில் ஈரம் தேங்கியிருக்கிறது என்று பொருள். அடுத்த பகுதிக்குப் போங்கள்.

வெளியே காய்ந்துவிட்டது, நடுவில் ஈரம்

இதைத் தராசு இல்லாமல் கண்டுபிடிப்பது கடினம். மேல்தோல் வெளுத்து, தட்டினால் உலர்ந்த ஓசை தரும். நடு மட்டும் ஊறிய ரொட்டி போல இருக்கும். அப்படியே சுவரில் வைத்துப் பூசிவிட்டால் பிறகு வரும் விரிசலுக்கும் பூசணத்துக்கும் காரணம் தேடி அலைய வேண்டியிருக்கும்.

ஐந்து கல்லில் எண் எழுதி, ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரே நேரத்தில், காலையில் எடை போடுங்கள். முதலில் வேகமாக இறங்கும், பிறகு நிதானமாகும். ஒரு நாளில் இறங்கும் எடை கல்லின் எடையில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே போய், மூன்று முறை தொடர்ந்து அப்படியே இருந்தால் காய்ந்தது எனலாம். இதில் ஒரு பொறி உண்டு. மூன்று நாள் மூடாக்கும் தூறலுமாக இருந்தால் நடு ஈரமாக இருக்கும்போதே எடை இறங்காமல் நிற்கும். அதனால் எடை நின்ற பிறகு சோதனைக் கல்லில் நடுவரை ஒரு துளை போட்டு, காய்ந்த நாளிதழ்த் துண்டைச் சுருட்டித் திணித்து, வாயை டேப்பால் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் தாள் முறுகலாக வந்தால் சரி. துவண்டு வந்தால் இன்னும் ஈரம்.

கடற்கரை ஊரில் காய்ந்த கல்லின் எடையும் கோயம்புத்தூரில் காய்ந்த அதே கல்லின் எடையும் ஒன்றாக இருக்காது. காகிதம் மரம் போலத்தான், காற்றில் உள்ள ஈரத்துக்கேற்பத் தனக்குள் ஒரு பங்கை எப்போதும் வைத்துக்கொள்ளும். வேறு ஊர்க்காரர் சொன்ன எடையை இலக்காக வைக்காதீர்கள், உங்கள் ஊரில் எங்கே நிற்கிறதோ அதுவே அளவு.

நடுவில் ஈரம் நிற்பதற்கு முதல் காரணம் தடிமன். உலரும் நேரம் தடிமனைப் போல ஏறுவதில்லை, ஏறத்தாழ அதன் இருபடியாக ஏறும். 10 செ.மீ. கல் இரண்டு வாரத்தில் காய்ந்தால், 20 செ.மீ. கல்லுக்கு எட்டு வாரம் பிடிக்கும். இதனால்தான் வீட்டில் செய்பவர்கள் 15 செ.மீ.க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. தடித்த சுவர் வேண்டுமென்றால் மெல்லிய கல் இரண்டு வரிசை கட்டுங்கள்.

இரண்டாவது காரணம் காற்றோட்டம். சிமெண்ட் தரையில் படுக்கவைத்த கல் ஐந்து பக்கம் காயும், அடி காயாது. மூங்கில் கழி இரண்டின் மேல், விளிம்பில் நிறுத்துங்கள். வெயிலைவிடக் காற்றைத் தேடுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் கோவை, திருப்பூர்ப் பக்கமும், தென்காசி, ஆரல்வாய்மொழிப் பக்கமும் ஆடி மாதம் மழை விழாத நாட்களில் நிழலிலேயே நன்றாகக் காயும். மற்ற மாவட்டங்களுக்குத் தை முதல் வைகாசி வரை நல்ல பருவம். புரட்டாசிக் கடைசியில் வார்த்துவிட்டு ஐப்பசியில் காயும் என்று காத்திருப்பது வீண். வடகிழக்குப் பருவமழை முடிய மார்கழி ஆகிவிடும். மூடிய அறைக்குள் வைத்துக் காயவைத்தால் மின்விசிறி மட்டும் போதாது, ஈரக்காற்று வெளியேற எதிரெதிர் ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

அடுப்பருகே, நெருப்பு மூட்டத்துக்குப் பக்கத்தில், சுருள் ஹீட்டரை ஒட்டிக் காயவைக்கவே கூடாது. சிமெண்ட் குறைவான காகிதக் கல் சுடர்விட்டு எரியாது. கரி போல உள்ளுக்குள் கனலும். வெளியே ஒன்றும் தெரியாமல் மணிக்கணக்கில் ஊர்ந்துகொண்டிருக்கும். உங்கள் கலவை எப்படிப்பட்டது என்று அறிய, முழுதும் காய்ந்த தீப்பெட்டி அளவுத் துண்டை வெட்டவெளியில் இடுக்கியால் பிடித்து ஒரு நிமிடம் தீயில் காட்டி எடுங்கள். கால்மணி நேரம் பாருங்கள். செங்கனல் தானே அணைந்தால் நல்லது. மெல்ல உள்ளே நகர்ந்துகொண்டே போனால் சிமெண்டையும் மணலையும் கூட்ட வேண்டும். துண்டை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டே நகருங்கள்.

வெள்ளையாகப் பூத்திருக்கிறது: உப்பா, பூசணமா?

இரண்டுக்கும் மருந்து வேறு, ஆகவே முதலில் பிரித்தறியுங்கள். கொஞ்சம் சுரண்டி ஒரு கண்ணாடித் துண்டில் வையுங்கள். கல்லின் மேலேயே சோதிக்காதீர்கள், சிமெண்டும் சேர்ந்து பதில் சொல்லும். இரண்டு சொட்டுத் தண்ணீரில் கரைந்தால் உப்பு. கரையாமல், எலுமிச்சைச் சாறு பட்டதும் நுரைத்தால் சிமெண்டிலிருந்து வந்த சுண்ணாம்புப் படிவு. இரண்டும் இல்லாமல் பஞ்சுபோல ஒட்டி, விரலில் இழுபட்டு, மழைக்கால அலமாரி வாசம் வந்தால் பூசணம். கறுப்பும் பச்சையும் என்றால் சோதனையே வேண்டாம், பூசணம்தான்.

உப்பும் சுண்ணாம்பும் கல்லைக் கெடுப்பதில்லை, ஆனால் அதன்மேல் பூச்சு நிற்காது. காய்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து உள்ளே போய் மறுபடி பூக்கும். காரணம் பெரும்பாலும் உவர்ப்பான போர்வெல் தண்ணீர். குடித்தால் கரிக்கும் தண்ணீரைக் கலவைக்கு எடுக்காதீர்கள். கடல் மணல் ஒருபோதும் வேண்டாம்.

பூசணம் வந்த காலம்தான் காரணத்தைச் சொல்லும். மூடிவைத்த முதல் வாரத்திலேயே வந்தால் சிமெண்ட் போதவில்லை. புதுச் சிமெண்டின் பி.எச். அளவு 12க்கு மேல். அந்தக் காரத்தில் பூசணம் முளைக்காது. மஞ்சள் தடவிப் பாருங்கள், பூத்த இடம் சிவக்காது. திறந்து உலர்த்தும் மூன்றாம் நான்காம் வாரத்தில் வந்தால் காரணம் வேறு: காற்றிலுள்ள கரியமில வாயு மேல்தோலின் காரத்தை மெல்லக் குறைத்துவிட்டது, ஆனால் ஈரம் இன்னும் போகவில்லை. காரம் போகும் முன் ஈரம் போயிருக்க வேண்டும். நீங்கள் ஓடும் பந்தயமே அதுதான்.

மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே தேய்த்து எடுங்கள். நீர்த்த சுண்ணாம்பை மோர் பதத்தில் கரைத்து அடியுங்கள். போன காரம் தோலுக்குத் திரும்பும். அதன்பின் இடைவெளியைக் கூட்டி அடுக்கிக் காற்றில் வையுங்கள். முழுதும் காய்ந்ததும் ஒரு லிட்டர் சுடுதண்ணீரில் 50 கிராம் போராக்ஸ் கரைத்து ஆறவைத்து இரண்டு முறை தெளித்தால் பூசணத்துக்கும் கரையானுக்கும் தடை. கரைசலைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். மேலே பிளீச்சிங் பவுடர் தூவுவது கறையை மறைக்கும், நாருக்குள் போன வேரை எட்டாது. கல் நடுவரை கறுத்திருந்தால் மனசை விட்டு அதைத் தள்ளிவிடுங்கள், வீட்டுச் சுவருக்கு அது ஆகாது.

விரிசல்

எப்போது வந்தது என்று கேளுங்கள். வார்த்த அன்றே, சிலந்தி வலை போல மெல்லிய கீறல்கள் வந்தால், மேற்பரப்பு வெயிலிலோ காற்றிலோ சுருங்கியிருக்கிறது. கலவை குழைவாக இருக்கும்போதே கரண்டியால் அழுத்தித் தேய்த்து மூடிவிட்டால் அதோடு சரி.

இரண்டாம் மூன்றாம் வாரத்தில் கல்லின் குறுக்கே ஆழமாக விழுவது உலர் சுருக்கம். தோல் காய்ந்து சுருங்கப் பார்க்கிறது, ஈரமான நடு இடம் கொடுக்கவில்லை, தோல் கிழிகிறது. நிழலில் நான்கு நாள் என்று சொன்னதை விட்டுவிட்டு நேரே வெயிலுக்குப் போனவர்களுக்கு இது நிச்சயம். இன்னொரு காரணம் மணல் குறைவு. காகிதம் மட்டும் தனியே நிறையச் சுருங்கும், மணல்தான் அதைத் தடுத்து நிறுத்தும் எலும்பு. கல் லேசாக வேண்டுமென்று மணலை விட்டுவிட்டால் விரிசலை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். மணல் அளவைக் காகிதத்தின் எடைக்குச் சமம் வரை கொண்டுபோகலாம்.

கட்டிய சுவரில், இணைப்பின் ஓரமாகப் படிக்கட்டு போல ஓடும் விரிசல் என்றால் காயாத கல்லை வைத்துக் கட்டிவிட்டீர்கள். இப்போது அவசரப்பட்டு அடைக்காதீர்கள். பென்சிலால் விரிசலின் முனையில் கோடும் தேதியும் போட்டு ஒரு மாதம் பாருங்கள். நின்ற பிறகு விளிம்பை நனைத்து, அதே காகிதக் கலவையைக் கெட்டியாகப் பிசைந்து அடையுங்கள். வெறும் சிமெண்ட் கலவையால் அடைத்தால் அது கல்லைவிடக் கடினமாகி, பக்கத்திலேயே புது விரிசல் திறக்கும்.

பலகை வளைகிறது

60×60 செ.மீ., 5 செ.மீ. தடிமன் போன்ற பலகைகளில் மட்டுமே இது தொல்லை. காய்ந்த பக்கம் சுருங்கிக் குழியும், ஈரப்பக்கம் புடைக்கும். படுக்கவைத்தால் ஓரங்கள் மேலே தூக்கிக்கொண்டு அப்பளம் போல நிற்கும். முதல் வாரத்துக்குள் என்றால் குழிந்த பக்கத்தை நனைத்து, அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி சமதளத்தில் கவிழ்த்து, மேலே ஹாலோ பிளாக் நாலைந்து வைத்து, மூடி ஒரு நாள் விடுங்கள். நேரானதும் இரண்டு கழிகளுக்கிடையே செங்குத்தாக நிறுத்தி, காலையும் மாலையும் பக்கம் மாற்றுங்கள். சிமெண்ட் நன்றாக இறுகிய பிறகு வளைந்த பலகையை நிமிர்த்த முயன்றால் உடையும். அதை அறுத்துச் சிறு துண்டாகப் பயன்படுத்துவதே வழி.

மழையில் நனைந்துவிட்டது

வார்த்து ஒரு நாளுக்குள் என்றால் மேல் சிமெண்ட் கழுவப்பட்டிருக்கும். தலைப்பக்கத்தைச் சுரண்டி, அதே கலவையைப் புதிதாகப் பிசைந்து மேலே அழுத்தி மூடுங்கள். மூடிவைத்த வாரம் என்றால் கவலை இல்லை, தேங்கிய நீரை மட்டும் வடியுங்கள். காய்ந்து முடிந்த கல் என்றால் அது கரையாது, ஆனால் கடற்பஞ்சு போலக் குடித்திருக்கும். உலர்த்தல் எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்குங்கள். நனைந்த கற்களின் மேல் தார்ப்பாயை இறுக்கிப் போர்த்துவதுதான் பெரிய தவறு. உள்ளே வியர்த்துப் பத்து நாளில் பூசணம் வரும். தார்ப்பாயைக் கூரை போல உயர்த்திக் கட்டி, பக்கங்களைத் திறந்து விடுங்கள்.

பூச்சு பொத்தென்று கழன்று வருகிறது

கழன்ற பூச்சின் முதுகைப் பாருங்கள். காகித நார் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் கல்லின் தோல் பலவீனம். உதிரும் கல்லுக்குச் சொன்ன மருந்தைச் செய்துவிட்டுப் பூசுங்கள். முதுகு சுத்தமாக, மாவாக இருந்தால் காய்ந்த கல் பூச்சிலிருந்த தண்ணீரை உறிஞ்சிக்கொண்டது, பூச்சுக்குள் சிமெண்ட் இறுகவில்லை. பூசும் முன் சுவரின் முகத்தை மட்டும் தெளித்து, மினுமினுப்பு அடங்கும்வரை கால்மணி நேரம் பொறுத்து, பிறகு பூசுங்கள். சுவர் ஊறும் அளவுக்குக் குழாயால் அடித்தால் பழையபடி உலர்த்தல் வேலை திரும்பி வரும். முதுகில் வெண்படிவு இருந்தால் உப்பு.

கொத்தனார் வழக்கப்படி சிமெண்டுக்கு நான்கு மடங்கு மணல் என்று 1:4 கலவை போட வருவார். இந்தக் கல்லுக்கு அது அதிகக் கடினம். 1:6 போதும், அதிலும் சிமெண்டுக்குச் சமமாக நீர்த்த சுண்ணாம்பு சேர்த்தால் பூச்சு கொஞ்சம் வளைந்து கொடுக்கும், ஈரமும் வெளியே மூச்சுவிடும். முதல் கை 8 மி.மீ.க்கு மேல் வேண்டாம். ஏழு நாள் காலையும் மாலையும் லேசாகத் தெளித்தால் போதும். வெளிச்சுவருக்குப் பெயிண்ட் தேர்ந்தெடுக்கும்போது நீர் புகாத எனாமல் வகையைத் தவிர்த்துச் சுண்ணாம்படியுங்கள். தரையிலிருந்து முதல் ஒன்றரை அடி கருங்கல்லாகவோ செங்கல்லாகவோ இருக்க வேண்டும். மழைச்சாரல் தெறிக்கும் அந்த உயரத்தில் காகிதக் கல்லை வைத்தால் எந்தப் பூச்சும் இரண்டு மழைக்காலம் தாங்காது.